கடற்கோட்டைகளின் சாந்து: ஆய்வுக்கூடம் தரும் சான்று

மகாராஷ்டிர மாநிலத்தின் முருத் ஊரை அடுத்துக் கடலுக்குள் பத்மதுர்க்கம் என்னும் சிறு கோட்டை ஒன்று உள்ளது. சித்திகளின் வசமிருந்த ஜஞ்சிராக் கோட்டைக்கு எதிராக, 17ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் ஆட்சிக் காலத்தில் அது எழுப்பப்பட்டது. அதன் மதிலில் பல இடங்களில் கற்கள் உப்புக் காற்றாலும் அலைத்துளியாலும் அரிக்கப்பட்டுக் குழிந்துவிட்டன. அக்கற்களுக்கிடையே வைக்கப்பட்ட சுண்ணாம்புச் சாந்தோ தேனடையின் அறைச்சுவர்களைப் போல முன்னே நீட்டி நிற்கின்றது. கல் தேய்ந்தது, காரை நிலைத்தது.

இக்காட்சியைக் காண்போர் பழங்காலக் கொத்தனாரின் திறமையைப் புகழ்ந்து செல்வது இயல்பு. ஆனால் மதிலைப் பேணும் பொறுப்பேற்றுள்ள பொறியாளர் புகழ்ச்சியோடு நின்றுவிட இயலாது. அச்சாந்தில் கலந்திருந்தவை யாவை? எந்த அளவில் அவை கலக்கப்பட்டன? மதிலின் ஒரு பகுதி நாளை சரியுமானால் அதனை எப்பொருளைக் கொண்டு மீண்டும் கட்டுவது? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கொல்லறு மதிலைத் தொட வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியர் காலத்து இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டின் செஞ்சியும் அவற்றுள் ஒன்று. காந்தேரி, சுவர்ணதுர்க்கம், விஜயதுர்க்கம், சிந்துதுர்க்கம் ஆகிய நான்கும் கடலையொட்டியோ கடல் நடுவிலோ அமைந்தவை. பெருமையோடு பொறுப்பும் சேர்ந்தே வந்துள்ளது. மதிலின் சாந்தை ஆராயாமல் பழுதுபார்க்கும் பணிக்கு மதிப்பீடு தயாரிப்பது, நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

ஒரு கரை, பல சாந்துகள்

இந்தியக் கடற்கரையின் கோட்டைகள் ஒரே காலத்தில் ஒரே மக்களால் கட்டப்பட்டவை அல்ல. கண்ணூரிலுள்ள புனித ஆஞ்சலோ கோட்டையைப் போர்ச்சுகீசியர் 1505இல் எழுப்பினர். டையூவில் அவர்களது கோட்டைப் பணி 1535இல் தொடங்கிற்று. தரங்கம்பாடியில் டேனியரின் டான்ஸ்பர்க் கோட்டை 1620ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மால்வண் கரையருகே சிந்துதுர்க்கத்தின் பணி 1664இல் தொடங்கி 1667இல் நிறைவுற்றது.

கட்டுவோர் வேறுபட்டாலும், அனைவரும் கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்த பொருளையே பயன்படுத்தினர். கொங்கணக் கரையின் பெரும்பகுதி பசால்ட் எனும் எரிமலைப் பாறையால் ஆனது. தெற்கே செல்லச் செல்லச் செம்புரைக்கல் மிகுகின்றது. சௌராஷ்டிரக் கரையில் சுண்ணாம்புப் பாறையே கட்டடக் கல்லாகக் கிடைக்கின்றது. தரங்கம்பாடி போன்ற வண்டல் கரைகளில் கல் அரிது. ஆதலின் செங்கல் முதலிடம் பெற்றது. சுண்ணாம்புப் பாறை கிடைக்காத கரைகளில் கடலும் கழிமுகமும் தந்த கிளிஞ்சலும் சிப்பியும் காளவாயில் சுடப்பட்டுச் சுண்ணாம்பாயின. எனவே ஒரு கோட்டைக்குப் பொருந்திய கலவை மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று முன்கூட்டியே கொள்வதற்கு இடமில்லை.

ஒரே கோட்டைக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு. வசாய்க் கோட்டை போர்ச்சுகீசியரிடமிருந்து 1739இல் மராட்டியர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கண்ணூர்க் கோட்டையை டச்சுக்காரர் 1663இல் கைப்பற்றினர். அவர்களுக்குப் பின் அரக்கல் அரச குடும்பமும் ஆங்கிலேயரும் அதனை ஆண்டனர். ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு முற்றுகையையோ, ஒரு விரிவாக்கத்தையோ, ஒரு பழுதுபார்ப்பையோ குறிக்கும். ஆதலின் ஒரே மதிலில் மூன்று நான்கு வகைச் சாந்துகள் அடுத்தடுத்து இருத்தல் கூடும். அண்மைக் காலத்துச் சிமெண்டுப் பூச்சும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும்.

சாந்தே இல்லாத இடமும் உண்டு. அலிபாக் கரையருகேயுள்ள குலாபாக் கோட்டையின் வெளிமதிலில் பெருங்கற்கள் சாந்தின்றியே அடுக்கப்பட்டுள்ளன. மோதும் அலையின் நீர் இடைவெளிகளில் புகுந்து வேகம் தணிந்து வெளியேறுகின்றது. இதனை அறியாது அவ்விடுக்குகளைக் குறைபாடெனக் கருதி அடைத்துவிட்டால், நீர் வெளியேறும் வழி மூடப்பட்டு மதிலின் உட்புறம் அழுத்தத்திற்கு உள்ளாகும். சாந்து இல்லாமையும் ஒரு வடிவமைப்பே என்பதை இது காட்டுகின்றது.

சுண்ணாம்பு இறுகும் விதம்

ஆய்வின் பொருளை உணரச் சுண்ணாம்பின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் வேதியியல்படி கால்சியம் கார்பனேட்டே. ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, 100 கிலோ தூய கல் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகின்றது. அது 18 கிலோ நீரை ஏற்று, வெப்பத்தை உமிழ்ந்து, 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாக மாறுகின்றது. மதிலில் வைக்கப்பட்டபின் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகின்றது. கல்லாயிருந்தது நீறாகி, நீறு மறுபடியும் கல்லாகும் சுழற்சி இது.

இச்சுழற்சிக்குக் காற்று இன்றியமையாதது. கடல் நீர் நாள்தோறும் ஏறியிறங்கும் இடத்தில், அல்லது பல முழம் தடித்த மதிலின் உட்பகுதியில், காற்று எளிதிற் சென்று சேராது. அங்கே தூய சுண்ணாம்பு நெடுங்காலம் இறுகாமல் நின்று நீரில் கரைந்து போகும். அத்தகைய இடங்களுக்கு நீரிலும் இறுகும் தன்மை தேவை. அத்தன்மையைப் பெற இரு வழிகள் உள்ளன. களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கால்சியம் சிலிக்கேட்டுகள் தோன்றுகின்றன. அச்சுண்ணாம்பு நீருடன் சேர்ந்து தானாகவே இறுகும். இது நீரிறுகு சுண்ணாம்பு. மற்றொரு வழி, தூய சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பலையோ, சுர்க்கி எனப்படும் செங்கல் தூளையோ கலப்பது. அவற்றிலுள்ள வினைத்திறன் மிக்க சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் இணைந்து கடினமான சேர்மங்களை உண்டாக்குகின்றன.

எல்லாச் செங்கல் தூளும் சுர்க்கி ஆகாது என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். மிதமான வெப்பத்தில் சுட்ட களிமண்ணே வினைபுரியும். மிகை வெப்பத்தில் சுட்டு இரும்புபோல் இறுகிய செங்கல்லின் தூள் வெறும் மணலின் வேலையையே செய்யும். ஒப்பந்தப் பத்திரத்தில் செங்கல் தூள் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டால், எது வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை.

அமிலக் குப்பியில் கிடைத்த விடை

சாந்தின் பண்பை ஆய்வின் வழி அறியலாம் என்ற எண்ணத்திற்கே கடல்தான் காரணமாயிற்று. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், அலைகள் ஓயாது மோதும் எடிஸ்டோன் பாறை மீது கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பு ஜான் ஸ்மீட்டன் என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1756இல் அவர் பல ஊர்களின் சுண்ணாம்புகளைத் திரட்டிச் சோதித்தார். கடினமான கல்லே உறுதியான சுண்ணாம்பைத் தரும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஸ்மீட்டன் ஒவ்வொரு கல்லையும் அமிலத்தில் கரைத்து, கரையாமல் எஞ்சிய வண்டலைக் கவனித்தார். களிமண் எஞ்சிய கற்களின் சுண்ணாம்பே நீரில் நன்கு இறுகியது. கல்லின் கடினம் இதற்குக் காரணமன்று என்பது தெளிவாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் வழியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லூயி விக்கா நீரிறுகு சுண்ணாம்பின் அறிவியலை வகுத்தார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904இல் சென்னையில் சிமெண்டு உற்பத்தி முயற்சி தொடங்கப்பட்டது. 1914இல் போர்பந்தர் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. இதுவரை குறிப்பிட்ட கோட்டைகள் அனைத்தும் இதற்கு நூற்றாண்டுகள் முற்பட்டவை. அவற்றின் கற்கள் சுண்ணாம்போடு வாழப் பழகியவை என்பதைப் பழுதுபார்ப்போர் மறத்தலாகாது.

ஆய்வு நடைபெறும் முறை

ஆய்வு ஆய்வுக்கூடத்தில் அன்று, மதிலடியிலேயே தொடங்குகின்றது. மாதிரி எடுக்குமுன் உரிய துறையின் அனுமதி பெற வேண்டும். மழையிலும் உப்பிலும் சிதைந்த மேற்பரப்பிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் அது சிதைவைப் பற்றிக் கூறுமேயன்றி, மூலச் சாந்தைப் பற்றிக் கூறாது. எனவே உட்பகுதியிலிருந்தும் எடுத்தல் வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழே, அலைத்துளி படும் உயரத்தில், அதற்கும் மேலே என வெவ்வேறு நிலைகளிலிருந்து தனித்தனியே எடுத்து, இடத்தையும் உயரத்தையும் வரைபடத்தில் குறித்தல் வேண்டும். குறிப்பில்லாத மாதிரி, எத்துணை நுட்பமாக ஆராயப்பட்டாலும், பயன் தராது.

முதற்சோதனை கண்ணாலும் கைக்கண்ணாடியாலும் செய்யப்படுவது. வெள்ளைக் கட்டிகள், சிப்பித் துண்டுகள், செங்கல் துகள்கள், கரித்துணுக்குகள் ஆகியவை புலப்படும். கரித்துணுக்கு காளவாயின் விறகைக் காட்டும். வெள்ளைக் கட்டி சுண்ணாம்பு நீற்றப்பட்ட முறையைக் குறித்துச் சான்று தரும். அடுத்து, சாந்தின் மெல்லிய சீவல் ஒன்று 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்க்கப்பட்டு நுண்ணோக்கியில் வைக்கப்படுகின்றது. மணலின் வகை, அளவு, செங்கல் தூளைச் சுற்றித் தோன்றிய வினை விளிம்பு, வெடிப்புகள், துளைகளில் படிந்த உப்பு ஆகிய அனைத்தும் அதில் தெரியும்.

பின்னர் அமிலச் சோதனை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சாந்தைக் கரைத்தால் சுண்ணாம்பு கரையும், மணல் எஞ்சும். எஞ்சியதைச் சலித்து எடையிட்டால் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். எளிய, செலவு குறைந்த முறை. ஆயினும் கடற்கரையில் இது தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் மிகுதியாகக் கலந்திருக்கும். அத்தூளும் அமிலத்தில் கரைந்துவிடும். அதனைச் சுண்ணாம்பென்று கணக்கிட்டால், உண்மையில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்து, ஒன்றுக்கு ஒன்று என்று அறிக்கையில் இடம்பெறக்கூடும். அவ்வறிக்கையை நம்பித் தயாரித்த புதுச் சாந்து சுருங்கி வெடிக்கும். ஆகையால் கடற்கோட்டைகளில் அமிலச் சோதனையை நுண்ணோக்கிச் சோதனையோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

வெப்ப எடைப் பகுப்பாய்வு என்பது மற்றொரு முறை. சாந்துத் தூளைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் குறையும் எடை பதிவு செய்யப்படுகின்றது. 200 முதல் 600 டிகிரி வரை நீரிறுகு சேர்மங்களில் பிணைந்துள்ள நீர் வெளியேறும். அதற்கு மேல் கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பின்னதை முன்னதால் வகுத்துக் கிடைக்கும் எண் பொதுவாக 10-க்கு மேலிருப்பின் அது தூய சுண்ணாம்புச் சாந்தைக் குறிக்கும். எண் குறையக் குறைய நீரில் இறுகும் தன்மை கூடுகின்றது. சிப்பித் தூள் இவ்வெண்ணையும் உயர்த்திக் காட்டும் என்பதால் இங்கும் எச்சரிக்கை தேவை.

எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுச் சோதனை சாந்திலுள்ள படிகங்களின் வகையைக் கூறும். கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே கால்சியம் கார்பனேட்டின் இருவேறு படிக வடிவங்கள். பல கிளிஞ்சல்கள் அரகோனைட்டால் ஆனவை. சாந்தில் அது தென்பட்டால், சரியாகச் சுடப்படாத கிளிஞ்சலோ சிப்பி கலந்த மணலோ உள்ளது என்று கருத இடமுண்டு. கடல் நீரின் மக்னீசியத்தால் தோன்றும் புரூசைட்டும், சல்பேட்டால் தோன்றும் எட்ரிங்கைட்டும் காணப்படின், கடல் சாந்தை எந்த அளவு மாற்றியுள்ளது என்பது தெரியும். இவற்றோடு குளோரைடு, சல்பேட்டு, நைட்ரேட்டு உப்புகளின் அளவையும் தனியே காண வேண்டும். எந்தக் கோட்டை அறிக்கையும் உப்புக் கணக்கின்றி நிறைவு பெறாது.

உப்பும் சிமெண்டும்

உப்புக் கணக்கிற்கு இத்துணை முதன்மை ஏன் என்ற கேள்வி எழலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. மதிலுக்குள் ஏறும் நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகின்றது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரைகின்றது. அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகின்றது. மேற்குக் கரையில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே மட்டுமன்றி, இரவுக்கும் பகலுக்கும் இடையேயும் இவ்வெல்லையைக் கடக்க நேரிடும். ஒவ்வொரு முறையும் படிகம் வளர்ந்து துளைகளின் சுவரை நெருக்குகின்றது. ஓராண்டில் பன்முறை நிகழும் இச்சிறு நெருக்கமே நூற்றாண்டுகளில் கல்லைத் தூளாக்குகின்றது.

இந்த நிலையில் மதிலின் இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்தால் விளைவது யாது? செறிவான சிமெண்டுச் சாந்தின் நசுக்கு வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டனைக் கடக்கும். தூய சுண்ணாம்புச் சாந்தின் வலிமை பெரும்பாலும் 1 முதல் 3 நியூட்டன் வரையே. வலிமை கூடுதலாயின் நன்றுதானே என்று தோன்றும். ஆனால் சிமெண்டு நீராவியை எளிதில் வெளியே விடுவதில்லை. இணைப்புகளின் வழியே வெளியேறிய ஈரம் இனிக் கல்லின் வழியே வெளியேற வேண்டியதாகின்றது. உப்பும் கல்லிலேயே படிகின்றது. செம்புரைக்கல் போன்ற துளை மிகுந்த கல் விரைவில் உதிர்கின்றது. மதில் வெப்பத்தால் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்டு அவ்வாறு நெகிழாமல் கல்லின் விளிம்பைப் பிளக்கும். போர்ட்லண்டு சிமெண்டில் கரையக்கூடிய காரங்களும் உள்ளன. அவையும் உப்பாக மாறி மதிலில் சேர்கின்றன.

பழுதுபார்ப்பின் பொது விதி ஒன்று உண்டு. புதுச் சாந்து கல்லைவிட மெலிந்ததாக இருத்தல் வேண்டும். தேய வேண்டுமாயின் சாந்து தேயட்டும். சாந்தை மாற்றலாம், கல்லை மாற்ற இயலாது. இவ்விதியின் ஒளியில் பத்மதுர்க்கத்தின் மதிலை மீண்டும் நோக்கினால், அது வெறும் புகழ்ச்சிக்குரிய காட்சியாக மட்டும் தோன்றாது. சாந்து நிலைத்ததற்கு அதன் உயர்ந்த தரம் காரணமாயிருக்கலாம். அதே சாந்து கல்லினும் இறுக்கமாக அமைந்து, ஈரத்தையும் உப்பையும் கல்லின் பக்கம் திருப்பியதும் கல் குழிந்ததற்கு ஒரு காரணமாயிருக்கலாம். இவ்விரு விளக்கங்களுள் எது பொருந்தும் என்பதைக் கண்ணால் கண்டு முடிவு செய்ய இயலாது. கல், சாந்து ஆகிய இரண்டின் துளைத்தன்மையையும் உப்பளவையும் ஒப்பிட்டே கூற வேண்டும். நிலைத்து நிற்பது எதுவோ அதை அப்படியே பின்பற்றுக என்ற எளிய முடிவு இங்கே ஆபத்தானது.

கடுக்காயும் வெல்லமும்

பழைய சாந்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு, உளுந்து, வில்வப் பழம் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இவை கட்டுக்கதைகள் அல்ல. சென்னையின் புகழ்பெற்ற சுண்ணாம்புப் பூச்சிலும் மாடித் தளங்களிலும் இத்தகைய பொருள்கள் வழங்கி வந்தன. வெல்லத்தின் சர்க்கரை, நீரில் சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டி, குறைந்த நீரில் சாந்தைக் குழைக்க உதவுகின்றது. கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுந்துள்ளது. வெண்கருவும் உளுந்தும் தரும் புரதம் நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் சாந்தில் நிறுத்தக் கூடியது. சீனாவின் பழைய மதில்களில் ஒட்டரிசிக் கஞ்சி கலக்கப்பட்டதையும், அதன் மாவுப்பொருள் சுண்ணாம்புப் படிகங்களை நுண்மையாக்குவதையும் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் விளக்கினர்.

எனினும் ஓர் ஊரின் வழக்கை எல்லாக் கோட்டைகளுக்கும் ஏற்றிக் கூறுதல் முறையன்று. கரிமப் பொருள்கள் காலப்போக்கில் சிதையக்கூடியவை. நுண்ணுயிர்களும் அவற்றை உண்ணும். அகச்சிவப்பு நிறமாலை, நிறப்பகுப்பு போன்ற முறைகளால் அவற்றின் எச்சங்களைத் தேட இயலும். சோதனையில் ஒன்றும் கிடைக்காவிடில் அப்பொருள் சேர்க்கப்படவே இல்லை என்று உறுதியாகக் கூறவும் இயலாது. சிந்துதுர்க்கத்தின் அடித்தளக் கற்கள் ஈயம் வார்த்துப் பொருத்தப்பட்டன என்று மரபு கூறுகின்றது. இது சிதையாத உலோகம். மாதிரி எடுத்துச் சோதித்தால் விடை கிடைக்கும். மரபை மதிப்பதும் அதனைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சோதனையில் தேறிய மரபு மேலும் வலுவடைகின்றது.

மேலை நாட்டு அனுபவமும் இதனையே கூறுகின்றது. உரோமானியரின் துறைமுகக் காங்கிரீட் ஏன் 2,000 ஆண்டுகள் கடலில் நிற்கின்றது என்ற வினாவுக்கு மேரி ஜாக்சன் குழுவினர் 2017இல் ஒரு விளக்கம் தந்தனர். கடல் நீர் எரிமலைச் சாம்பலுடன் வினைபுரிந்து டோபர்மோரைட்டு போன்ற கனிமங்களை உள்ளே வளர்த்திருப்பதை அவர்கள் காட்டினர். ஒரே கடல் நீர் ஒரு சாந்தை அழிக்கின்றது, மற்றொன்றை உறுதிப்படுத்துகின்றது. வேற்றுமை சாந்தின் உட்பொருளில் உள்ளது.

மதிப்பீட்டில் ஆய்வுக்கு இடம்

இவற்றையெல்லாம் நிருவாக நடைமுறையில் எவ்வாறு இணைப்பது? அதற்கான அமைப்புகள் புதிதாகத் தோற்றுவிக்கப்பட வேண்டியவை அல்ல. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் அறிவியல் பிரிவு டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகின்றது. இலக்னோவில் 1976இல் நிறுவப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் தேவையான கருவிகள் உள்ளன. கட்டடச் சுண்ணாம்பின் வகுப்புகளை ஐ.எஸ். 712 என்னும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுத்துள்ளது. மிகுந்த நீரிறுகு சுண்ணாம்பு ஏ வகுப்பு, ஓரளவு நீரிறுகு சுண்ணாம்பு பி வகுப்பு, தூய சுண்ணாம்பு சி வகுப்பு. பழைய சின்னங்களின் பாதுகாப்புக்கான தேசியக் கொள்கையும் 2014இல் வெளியிடப்பட்டது. குறை எங்கே உள்ளதெனில், ஆய்வு அறிக்கைக்கும் மதிப்பீட்டுப் படிவத்திற்கும் இடையிலுள்ள தொலைவில் உள்ளது.

அத்தொலைவைக் குறைக்கச் சில படிகள் உதவும். முதலாவதாக, எந்தக் கடற்கோட்டைப் பணிக்கும் மதிப்பீட்டின் முதல் இனமாகச் சாந்து ஆய்வு இடம்பெற வேண்டும். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அதன் தொகை சிறிதே. தவறான பூச்சைப் பின்னர் கல் சிதையாமல் செதுக்கி எடுக்கும் செலவோ மிகப் பெரிது. பல வேளைகளில் அது இயலாததும் ஆகும். இரண்டாவதாக, சுண்ணாம்புச் சாந்து என்று பொதுவாக எழுதாமல், சுண்ணாம்பின் வகுப்பு, மணலின் பருமன் வரிசை, சுர்க்கியின் சுடுநிலை, கலப்பு விகிதம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் குறித்தல் வேண்டும். கழுவாத கடல் மணலும் உவர் நீரும் விலக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, அலைபடும் பகுதிக்கும் மேற்பகுதிக்கும் வெவ்வேறு கலவைகளை வகுத்தல் வேண்டும். மேற்பகுதிக்குப் பொருந்தும் தூய சுண்ணாம்பு அலைவாய்க்குப் பொருந்தாது. சிமெண்டு வேண்டாம் என்பதனால் எவ்வகைச் சுண்ணாம்பும் போதும் என்று பொருளாகாது.

நான்காவது படி, பொறுமையைக் கோருவது. ஆய்வின் வழி வகுத்த கலவையை மதிலின் ஒரு சிறு பகுதியில் வைத்து, குறைந்தது ஒரு மழைக்காலம் முழுதும் கண்காணித்தல் வேண்டும். நிதியாண்டு மார்ச்சுத் திங்களில் முடிகின்றது. ஒதுக்கிய தொகையை அதற்குள் செலவிட வேண்டிய நெருக்கடியும் உண்டு. சுண்ணாம்பு இந்நாள்காட்டியை அறியாது. அவசரமாகப் பூசி, ஈரம் காக்காமல் விட்ட சுண்ணாம்பு உதிரும். உதிர்ந்ததும் சுண்ணாம்பு பயன்படாது என்ற முடிவுக்கு வந்து சிமெண்டுக்குத் திரும்புவர். குறை பொருளில் அன்று, கால ஒதுக்கீட்டில் இருக்கும். எனவே இத்தகைய பணிகளைப் பல ஆண்டுத் திட்டங்களாக வகுப்பதே முறை.

தொழில் அறிவும் அழியாதிருக்க

சாந்தைப் பகுத்தறிவதோடு பணி முடிவதில்லை. அதனை மீண்டும் தயாரிக்கவும் வைக்கவும் தெரிந்த கைகள் வேண்டும். கிளிஞ்சல் சுடும் காளவாய்கள் பல கரைகளில் மறைந்துவிட்டன. சுண்ணாம்பைப் பல நாள் நீற்றி ஊறவைத்து, செக்கிலிட்டு அரைத்து, பதம் பார்த்து எடுக்கும் கொத்தனார் அரிதாகி வருகின்றனர். ஆய்வறிக்கை கூறும் விகிதத்தை மதிலில் நிறைவேற்றுவது அவர்களது பதம்தான். ஒரு கோட்டைப் பணி நடக்கும்போதே உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சியளித்தால், பழுதுபார்க்கும் தொகை ஊதியமாக அவ்வூரிலேயே தங்கும். அடுத்த பழுதுக்கு வெளியாரை எதிர்நோக்க வேண்டிய நிலையும் நீங்கும். கிளிஞ்சல் எடுப்பது கழிமுக உயிரினங்களைக் குலைக்காத அளவில் நடைபெற வேண்டும் என்பதும் கருத்திற்கொள்ளத் தக்கது.

மாணவர்களுக்கும் இத்துறையில் பெரும் வாய்ப்புள்ளது. வேதியியல், நிலவியல், கட்டடப் பொறியியல், வரலாறு ஆகிய நான்கும் ஒரு கைப்பிடிச் சாந்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கடற்கோட்டையின் மாதிரிகளும் ஒரே முறையில் ஆராயப்பட்டு, இடம், உயரம், காலம், கலப்பு, உப்பளவு ஆகிய விவரங்களுடன் ஒரு பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்படுமானால், பொறுப்பு மாறி வரும் ஒவ்வொரு அலுவலரும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்னவர் கண்டது பின்னவர்க்குப் பயன்படும்.

கோட்டைகளைக் கட்டியோர் தம் கலவையை ஏட்டில் எழுதி வைத்துச் சென்றது அரிது. எழுதாத அக்குறிப்பு மதிலுக்குள்ளேயே உள்ளது. அதனைப் படிக்கும் கருவிகள் இன்று நாட்டில் உள்ளன. படித்தபின் மதிலைத் தொடுவது என்ற ஒழுங்கை அலுவலகங்கள் ஏற்றுக்கொள்வதே எஞ்சியுள்ளது. அவ்வொழுங்கு நிலைபெறுமாயின், இன்று செலவிடப்படும் பொதுப்பணம் அடுத்த தலைமுறைக்குப் பழுதாக அன்றி, மதிலாகவே சென்று சேரும்.